உன் மாப்பிள்ளை அழைப்புக்கு நான்தான் கார் ஓட்டுவேன்

அன்புள்ள பாபு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்கெல்லாம் நான் 'ம்' கொட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெங்களூருவில் நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அது சம்மதம் இல்லை. அடுப்பில் குக்கர் இருந்தது, விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். சோறு குழைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் உன்னோடு சண்டை போட நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், பதில் சொல்ல முடியாத இடம் வந்தால் 'சிக்னல் இல்லமா' என்பாய். அதனால்தான் கடிதம். உன் வருங்கால மாமனார் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உரக்கவே படிக்கட்டும்.

நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, நம் அமெரிக்கக் காரின் இஞ்சினை நான் மாற்றக் கூடாது. இரண்டு, தை மாதம் உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு போகும் அந்தக் காரை நான் ஓட்டக் கூடாது, வேறு டிரைவர் போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் மற்ற பக்கங்கள். பதில் மட்டும் போதும் என்றால் இத்தோடு மடித்து வைத்துவிடலாம். ஆனால் நீ மடிக்க மாட்டாய், கடைசி வரை படிப்பாய், எனக்குத் தெரியும். சின்ன வயதில் திட்டு வாங்கும்போதுகூட முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அழுவாய்.

அந்தக் காரைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது அதன் மாடல், வருஷம், சேஸ் நம்பர். எனக்குத் தெரிந்தது வேறு. உன் அப்பா அதைக் கொண்டுவந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். சென்னையில் சினிமாக்காரர்களுக்குக் கார் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடிய சமயம் அது. புடவை மூட்டையோடு காலையில் பஸ் ஏறிப் போன மனிதர், கூரையை மடித்துவிடக் கூடிய ஒரு வெண்ணெய் நிறக் காரில் சாயங்காலம் திரும்பி வந்தார். பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவின் அகலமும் அந்தக் காரின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. தறியில் ஏற்றுவதற்காகப் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவு எடுக்கும் வரை கார் தெருமுனையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, மொத்தத் தெருவையும் ஏத்திக்கினு ஊர்கோலம் போவப் போறியா?" என்று கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். உன் அப்பா அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்புறம் ஊரில் எந்தக் கல்யாணம் நிச்சயமானாலும், மண்டபத்துக்கு முன்னால் நம் காருக்குத்தான் தேதி கேட்டார்கள். கோயில் வாசலில் மாப்பிள்ளையை ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பின்சீட்டின் முதுகின் மேல் அவனை உயரமாக உட்காரவைத்து, மேளதாளத்தோடு மண்டபம் வரை கூட்டிவருவது. உன் அப்பா அதை ஓட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையைவிட இவர்தான் மாப்பிள்ளை மாதிரி இருப்பார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஏனாத்தூர் ரோட்டில் என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டின் மேலே ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மாப்ள இப்டித்தான் உக்காருவான். நீ ஓட்டும்மா. நான் விழாம இருந்தா நீ பாஸு" என்றார். பின்னால் வந்த காலேஜ் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் விசில் அடித்தார்கள். அவர் அவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். விழவில்லை.

இப்போது இஞ்சினுக்கு வருகிறேன். நல்ல இஞ்சின்தான், யார் இல்லை என்றார்கள்? சென்னை ரோட்டில் விட்டால் ராஜா. ஆனால் ஊர்வலத்துக்கு அது பிறக்கவில்லை. நாதஸ்வரக்காரர் முன்னால் நடப்பார், அவர் நடையைக் கார் முந்தக் கூடாது. தெருமுனைக்குத் தெருமுனை நின்று ஒரு பாட்டு வாசிப்பார், கார் நிற்க வேண்டும். அந்த இஞ்சினில் பெல்ட் சுற்றினால்தான் ரேடியேட்டரைக் குளிரவைக்கிற ஃபேன் சுற்றும். மெதுவாக ஓடும்போது பெல்ட்டும் மெதுவாகத்தான் சுற்றும், எதிர்க்காற்றும் கிடையாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ரேடியேட்டர் கொதித்து முன்பக்கம் முழுவதும் ஆவி. உன் அப்பா ஓட்டிய காலத்தில் இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ஒரு தடவை மூங்கில் மண்டபம் பக்கத்தில் கொதித்தது. டீக்கடைக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மாப்ள சூட்டுக்கு வண்டியே கொதிக்குதுடா" என்று மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கத்தினார்கள். நாதஸ்வரக்காரர் கிடைத்த இடைவெளியில் இரண்டு பாட்டு கூடுதலாக வாசித்தார். ஊரே சிரித்தது. அந்தத் தம்பதிக்கு இப்போது காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் அப்பா போன பிறகு நான் முதல்முதலாக ஓட்டிய ஊர்வலம் உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், நானும் சொல்லவில்லை. அவர் ஒத்துக்கொண்டுவிட்டுப் போன கல்யாணம் அது. நான் காரோடு கோயில் வாசலில் போய் நின்றேன். பொட்டு வைத்திருந்தேன், எப்போதும் கட்டுகிற மாதிரி புடவை கட்டியிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓட்றதுக்கு ஆம்பள யாரும் இல்லியா?" என்று என்னிடம் கேட்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த காற்றிடம் கேட்டாள். அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்தான், வண்டி கிளம்பவில்லை. சோக் குமிழை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் என்னை உட்காரச் சொன்னார்கள்.

அன்றைக்கும் மூங்கில் மண்டபம் பக்கத்தில்தான் கொதித்தது. அதே இடம், அதே இஞ்சின், அதே பெல்ட். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நம் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம், ஓட்டுகிறவர் நடைபாதையை ஒட்டித்தான் இருப்பார். அதனால் அந்த அத்தை சொன்னது என் காதுக்கு அருகில் வந்து விழுந்தது. "நான் சொன்னேனே, யாருனா கேட்டீங்களா? தாலியறுத்தவ கையில நல்ல காரியத்த குடுத்தா வேற இன்னா ஆவும்?" என்றாள். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். உன் அப்பா ஓட்டும்போது கொதித்தால் அது சூடு, நான் ஓட்டும்போது கொதித்தால் அது சகுனம். ரேடியேட்டரில் கொதித்த தண்ணீருக்கு என் வெறும் கழுத்து காரணமாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நானே இறங்கி, நானே தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி, ஆறும் வரை நின்று, மாப்பிள்ளையை மண்டப வாசலில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் பலர் வந்து, "வண்டிய மட்டும் குடுங்கமா, டிரைவர் நாங்க போட்டுக்கறோம்" என்று நயமாகக் கேட்டார்கள். "வண்டியும் நானும் சேந்துதான் வருவோம். ஒண்ணு வேணாம்னா ரெண்டும் வராது" என்றேன். போனவர்கள் போனார்கள். ஆனால் வந்தவர்களும் உண்டு. இந்த ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகளை நான் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போன ஒன்றிரண்டு பேரும் அவர்கள் குடியால் கெட்டவர்கள், என்னால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். "நான் அதெல்லாம் நம்பலமா. ஆனா அவங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க. வண்டி நடு ரோட்ல கொதிச்சா இன்னா பேசுவாங்க? உனக்குத்தானே கஷ்டம்? அன்னிக்கு ஒரு நாள் டிரைவர் போட்டுக்கலாம்." எனக்காகத்தான் சொல்கிறாய். நம்பாதவன் நீ, நம்புகிறவர்கள் அவர்கள், விலக வேண்டியது மட்டும் நான். இது எந்த ஊர் நியாயம், பாபு? அந்த அத்தை சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவள் யாரோ. அவள் சொன்னதையே நீ இங்கிலீஷ் படித்த வாயால், அன்பாக, சர்க்கரை தடவிச் சொன்னாய்.

இஞ்சின் விஷயத்திலும் அதே அன்புதான். தீபாவளிக்கு நீ கூட்டிவந்தாயே, பழைய கார்களைச் சேகரிக்கிற உன் சிநேகிதர், அவர் காரின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "ஆன்ட்டி, இது மேட்சிங் நம்பர் வண்டி, கம்பெனில போட்ட அதே இஞ்சின், அதே சேஸ். இஞ்சினத் தொட்டா அது கொலை" என்றார். கொலை என்று சொல்லிவிட்டு முறுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய ஏசி ஷெட்டில் இதை நிறுத்தினால் மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பார்களாம், மேலே தூசி படாமல் துணி போர்த்தியிருப்பார்களாம். நீயும் தலையை ஆட்டினாய். "அப்பா கை பட்ட இஞ்சின்மா, அப்படியே இருக்கட்டும்" என்றாய். உன் அப்பா கை பட்டது இஞ்சின் மட்டும் இல்லையே. என்னையும் சேர்த்துத் துணி போர்த்தி மூடிவிடலாம் என்று உங்களுக்கு ஒரு யோசனை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறாய். நீ பட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. உடம்புக்கு ஒரு நிறத்தில் பாவு, முந்திக்கு வேறு நிறத்தில் பாவு, இரண்டையும் இழை இழையாகப் பிணைத்து நெய்வதை நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்திருக்கிறாய். அந்தப் புடவையை யாராவது டூப்ளிகேட் என்று சொல்லியிருக்கிறார்களா? அதைத்தானே நம் ஊர்ப் புடவை என்று உலகம் கேட்டு வாங்குகிறது? பிணைப்பில் ஒரு இழை தப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நியாயம். காருக்கும் நான் அதைத்தான் செய்யப் போகிறேன்.

என் திட்டத்தைக் கேள். அவசரத்தில் போட்டது இல்லை, ஒரு வருஷமாக யோசித்தது. வாலாஜாபாத் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற டில்லியை உனக்குத் தெரியும். இந்த ஜில்லாவில் ஓடுகிற பாதி வண்டிகளுக்குத் தானே உயிர் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வான். அவன் முதலில் ஜீப்பின் டீசல் இஞ்சினைத்தான் காட்டினான். "அண்ணி, கண்ண மூடிக்கினு போடலாம், யானை கணக்கா இழுக்கும்" என்றான். இழுக்கும், சரி. அதன் சத்தத்தில் நாதஸ்வரம் எங்கே கேட்கும்? பின்னால் வருகிற பெண்களின் பட்டுப் புடவையெல்லாம் புகை நாற்றம் அடிக்காதா? டீசல் வேண்டாம் என்றேன். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு புதுக் காரின் பெட்ரோல் இஞ்சினை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்துவைத்திருக்கிறோம். நாலு சிலிண்டர், சின்னது, சத்தமில்லாதது. ஃபேன் கரண்டில் சுற்றுவதால் கார் நின்றாலும் அது நிற்காது. கூடவே அதன் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸும் வருகிறது. எனக்கு முக்கியமானது அதுதான். ஊர்வலம் முழுக்கக் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டி ஓட்டி என் இடது முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏறும்போது நான் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து, "வயசாச்சுமா உனக்கு" என்று நீ சிரித்தாய். வயசு இல்லை, அது கிளட்ச்.

இதில் இருக்கிற சிக்கலும் எனக்குத் தெரியும். பழைய இஞ்சின் கனமானது, அதை இறக்கிவிட்டுச் சின்னதை வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பழசு ஆறு வோல்ட், புதுசு பன்னிரண்டு வோல்ட், விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டின் நீளம் மாறும். புது இஞ்சினின் அடியில் தொங்குகிற எண்ணெய்த் தொட்டி, ஆயில் சம்ப், இடிக்கிறது என்று டில்லி குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் வெட்டலாம் என்றான். "இரும்பு இன்னா அண்ணி, வெட்டினா திரும்ப ஒட்டிக்கலாம்" என்றான். "முதல்ல உன் காத வெட்டி ஒட்டிக் காட்டு, அப்பறம் வண்டிய வெட்டலாம்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான், மறுநாள் சம்ப்பைச் சுருக்குகிறேன் என்று வந்தான். காரில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடக் கூடாது, ஏற்கெனவே போல்ட் இருந்த இடத்தில்தான் இஞ்சினைப் பிடிக்கிற புதுத் தாங்கிகள் வர வேண்டும். ஆர்.டி.ஓ. அனுமதி முன்னாலேயே வாங்க வேண்டும், அதற்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். பழைய இஞ்சினைக் கிரீஸ் தடவி, மரப்பெட்டி செய்து, தறிக்கூடத்தில் வைக்கப் போகிறேன். என் காலத்துக்குப் பிறகு உனக்கு ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் எடுத்து மாட்டிக்கொள். இல்லை, இப்போதே வேண்டும் என்றால் பெங்களூருக்கு லாரியில் ஏற்றிவிடுகிறேன், உன் பிளாட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து மேட்சிங் நம்பரைப் பார்த்துக்கொண்டே காபி குடி.

எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்று டில்லியிடம் சொல்லியிருக்கிறேன். உன் ஊர்வலத்தில் புது இஞ்சின்தான் ஓடும். கொதிக்காது. அப்போது யார் என்ன பேசுவார்கள் என்று பார்ப்போம்.

பாபு, மேலே எழுதியதை முடித்து உறையில் போட்டும் வைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஒன்று மாறிவிட்டது. நீ சொன்னதால் மாறியது என்று சந்தோஷப்படாதே.

நேற்று டில்லி வந்தான். தாங்கிகள் செய்து வர நாளாகிறது, தைக்குள் முடிக்க வேண்டுமானால் சட்டத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று பழைய பாட்டையே பாடினான். வெட்டக் கூடாது என்று நானும் என் பாட்டைப் பாடினேன். அவனுக்கு அலுத்துவிட்டது. "இன்னா அண்ணி, வெட்டாதன்றே, சீக்கிரம் முடின்றே. ரெண்டும் எப்டி ஆவும்? தம்பி கல்யாணம் முடிஞ்சி ஆற அமர பண்ணிக்கலாமே. இத்தினி வருசம் ஓடின இஞ்சின் ஒரு நாளு ஓடாதா?" என்றான்.

நான் யோசிக்காமல், "அன்னிக்குக் கொதிச்சா ஊரு இன்னா பேசும்?" என்று கேட்டுவிட்டேன்.

டில்லி அதைக் கவனிக்கக்கூட இல்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஆனால் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நீ போனில் சொன்ன அதே வார்த்தை. அந்த அத்தையின் வார்த்தை சுற்றிச் சுற்றி உன் வாய்க்கு வந்து, உன் வாயிலிருந்து என் வாய்க்கும் வந்துவிட்டது. உன்னைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்திருக்கிறேன்? கொதிக்காத இஞ்சினைப் போட்டு, கொதிக்கவில்லை பாருங்கள், என்னிடம் தோஷம் இல்லை பாருங்கள் என்று ஊருக்குச் சாட்சி காட்டப் போகிறேன். அப்படியென்றால் பழைய இஞ்சின் கொதித்தது என்னால்தான் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகாதா? நாளைக்குப் புது இஞ்சினில் ஒரு ஒயர் கழன்று வண்டி நின்றால், மறுபடியும் என் கழுத்தைத்தானே பார்ப்பார்கள்? அவர்கள் பார்வையை மாற்றுகிற இஞ்சினை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

டில்லியைக் கூப்பிட்டு, "மாசியில பண்ணலாம். வெட்டாம பண்ணு" என்றேன். "அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன்" என்றான். அவன் முதலில் சொன்னது வெட்டலாம் என்றுதான், இருந்தாலும் போகட்டும்.

ஆகவே இஞ்சின் மாறும். என் முழங்காலுக்காக, இன்னும் பல வருஷம் நானே ஓட்ட வேண்டும் என்பதற்காக மாறும். உன் கல்யாணம் முடிந்து, நீங்கள் இருவரும் மறுவீடு வந்து போன பிறகு செயின் போட்டுத் தூக்குவோம். உன் ஊர்வலத்துக்கு நீ கேட்ட ஒரிஜினலே வரும். உன் அப்பா கை பட்ட அதே இஞ்சின், அதே பெல்ட், அதே ஃபேன். ஓட்டப் போவது நான். குமரகோட்டத்துக் கோயில் வாசலிலிருந்து செவிலிமேட்டு மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்தின் பின்னால் அந்த வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற கவிதாவுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு, அவளைக் கேட்காமல் அவள் விஷயத்தில் எதையும் முடிவு செய்யாதே. அவளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே அவளை உள்ளே போகச் சொல்லாதே. வெளியாள் சொன்னால் அது ஒரு நாள் வலி. வீட்டு ஆள் முந்திக்கொண்டு சொன்னால் ஆறாது. உன் அப்பா என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். என்னை அந்தப் பெரிய காரில் ஏற்றி, லாரி வருகிற ரோட்டில் விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்ட மனிதர் அவர். அதனால்தான் அவர் போன பிறகும் நான் நின்றேன்.

வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிற வசதியான பழைய குடும்பம் என்பதற்காக உன் மாமனார் வீட்டார் எல்லோரும் அந்த அத்தையைப் போலத்தான் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நீதான் அப்படி நினைத்துவிட்டாய். அவர்களிடம் கேட்டுக்கூடப் பார்க்காமல் என்னை இறக்கிவிட்டாய். ஒருவேளை அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். ஒருவேளை சொல்லலாம். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் வருவேன், நீயும் தயாராக வா.

அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். டிக்கியில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் வைத்திருப்பேன். வண்டி கொதித்தால் நான் இறங்க மாட்டேன், ஸ்டீயரிங்கில்தான் இருப்பேன். மாலையைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துவிட்டு நீ இறங்கு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டு. பானட்டைத் துண்டால் பிடித்துத் தூக்கு, சுடும். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்துவிடாதே, ஆவி முகத்தில் அடிக்கும், கொஞ்சம் ஆற விடு. அந்த நேரத்தில் கூட்டம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துத்தான் அவர்கள் சிரிப்பதா, முணுமுணுப்பதா என்று முடிவு செய்வார்கள். நீ என் பக்கம் திரும்பாதே, எனக்காக யாரோடும் சண்டையும் போடாதே. பக்கத்தில் நின்று யாராவது என்னைப் பார்த்து ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், அவர் உன் பெரிய மாமியாராகவே இருந்தாலும் சரி, ஒரு குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று சொல்.

அம்மா